ஆடிட்டர் சிரிக்க வேண்டும்

தேநீர் வந்தது, குடித்தாயிற்று. பிஸ்கட் தட்டு ஒரு சுற்று போய்த் திரும்பியது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர் தன் கையிருப்பில் இருந்த நல்ல ஜோக்குகள் அத்தனையையும் செலவழித்துவிட்டார். மகளைப் பெண் கேட்டு வந்திருந்த பையனின் அப்பா மட்டும், எதிர் சோபாவில், சிரிக்கவில்லை.

அவர் ஓய்வுபெற்ற ஆடிட்டர். வந்ததிலிருந்து "ம்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. உதடுகளை உள்பக்கமாக மடித்து வைத்துக்கொண்டு, விடுமுறைநாள் கடை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஜோக் முடியும்போதும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

கண்ணாடிக்காரர் எழுந்து, சர்க்கரை எடுக்கப் போகிறவர் போலச் சமையலறைக்குள் நுழைந்தார். அங்கே அவர் மனைவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பையன் தங்கம். அவங்க அம்மாவும் நல்ல மாதிரியாத்தான் தெரியுது. ஆனா அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன். முகம் முகமாத்தான் இருக்கு."

"நாள் முழுக்க முகத்தை அளந்து கண்ணாடி மாட்டுறவன் நான். எனக்குத் தெரியாதா? அது பொறந்ததுலேருந்து சிரிக்காத முகம்."

"அதனால என்ன? நம்ம பொண்ணு கட்டிக்கப் போறது பையனை."

"வாழப் போறது அந்த வீட்டுலதானே? இவ சிரிச்சா பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைத் திறந்து என்ன விஷயம்னு கேட்கிறாங்க. அங்க போய் வாயைப் பொத்திக்கிட்டு இருப்பாளா?"

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. மகளின் சிரிப்பைக் கேட்டுத்தான் அவர் காலையில் கடை திறக்கப் போவார். அந்தச் சிரிப்பை ஒரு மரக்கட்டை மனிதரிடம் ஒப்படைத்துவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டாள். "இங்க பாருங்க. அவளே பார்த்து, பிடிச்சுப்போய், நம்மகிட்ட வந்து சொன்ன பையன். நீங்க ஏதாவது பண்ணி இது கெட்டுதுன்னா, அவ ஜென்மத்துக்கும் உங்களை மன்னிக்க மாட்டா."

"நான் எதுக்குக் கெடுக்கப்போறேன்? அந்த ஆளை ஒரே ஒரு தடவை சிரிக்க வைக்கிறேன். சிரிச்சுட்டார்னா மனசார சரின்னு சொல்லிடுவேன்."

"சிரிக்கலைன்னா?"

"என்கிட்ட மராமத்து மாமா இருக்காரே" என்றார் கண்ணாடிக்காரர்.

மராமத்து மாமா என்பவர் வீட்டு மனிதர் அல்லர், தொலைக்காட்சி மனிதர். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மேலாளர். எதையும் தானே பழுதுபார்ப்பார். குழாயைச் சரிசெய்தால் மின்சாரம் போகும், மின்சாரத்தைச் சரிசெய்தால் லிஃப்ட் நிற்கும். அந்த நகைச்சுவைத் தொடரின் எல்லாப் பகுதிகளையும் கண்ணாடிக்காரர் சேமித்து வைத்திருந்தார். ஏன் சிரிப்பு வருகிறது என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வார். கண் பரிசோதனைக்கு வந்து, எழுத்துப் பலகையைப் படிக்காமலே திரும்பிப் போனவர்கள் உண்டு.

கூடத்துக்குத் திரும்பியதும் ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

"சார், உங்களுக்காக ஒண்ணு போட்டுக் காட்டப் போறேன். இதைப் பார்த்து வயிறு புண்ணாகலைன்னா நான் என் கடையை மூடிடறேன்."

ஆடிட்டரின் முகம் வெளுத்தது. அவர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி மகனைப் பார்த்தாள். மகன் தரையைப் பார்த்தான்.

"அவர் டிவி அவ்வளவா பார்க்கிறதில்லைங்க அண்ணே" என்றாள் ஆடிட்டரின் மனைவி.

"நியூஸ் வேணும்னா வைங்க மாமா" என்றான் பையன் அவசரமாக.

"நியூஸ் பார்த்துப் பார்த்துத்தான் மனுஷங்க இப்படி ஆயிடுறாங்க தம்பி" என்று சொல்லிக் கண்ணாடிக்காரர் பொத்தானை அழுத்தினார்.

திரையில் மராமத்து மாமா சுவரில் ஒரு படம் மாட்டத் தொடங்கினார். முதல் ஆணியிலேயே சுவருக்குள் இருந்த தண்ணீர்க் குழாய் ஓட்டையானது. ஓட்டையை விரலால் அடைத்தார். சற்றுத் தள்ளி இன்னோர் ஓட்டை பீச்சியடித்தது. அதை இன்னொரு விரலால் அடைத்தார். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. "கதவு திறந்துதான் இருக்கு, வாங்க. நான் சும்மா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்றார் மாமா, மரியாதை குறையாமல்.

மகள் சோபாவில் சரிந்து சிரித்தாள். பையனும் சிரித்துவிட்டு, அப்பாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். ஆடிட்டர் கண்களை இறுக மூடியிருந்தார்.

பாவம், புரியவில்லை போலிருக்கிறது என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்தார். படத்தை நிறுத்தினார்.

"சார், இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நல்ல காமெடியில யாரும் காமெடி பண்ண மாட்டாங்க. மாமா எவ்வளவு சீரியஸா இருக்கார் பாருங்க. வீடு முழுக்கத் தண்ணி. ஆனா எல்லாம் தன் கட்டுப்பாட்டுலதான் இருக்குன்னு நினைக்கிறார். அந்த நம்பிக்கைதான் சார் சிரிப்பு. அந்த மாதிரி ஒரு ஆளை நீங்க நிஜத்துல பார்த்திருக்கவே மாட்டீங்க."

ஆடிட்டர் கண்ணைத் திறந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்தில் கிடந்த திண்டை எடுத்து மடியில் வைத்து இறுகக் கட்டிக்கொண்டார்.

"குளிருதா சார்? சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கண்ணாடிக்காரர் ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தினார். ஜன்னலையும் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் ஆடிட்டருக்கு நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது.

"ஜுரமா இருக்குமோ?" என்று மனைவியிடம் முணுமுணுத்துவிட்டு உள்ளே போய் ஒரு கம்பளியை எடுத்துவந்து அவர் தோளில் போர்த்தினார். ஆடிட்டரால் மறுக்கவும் முடியவில்லை. வாயைத் திறந்தால் ஏதோ விபரீதம் நடந்துவிடும் என்பது போலப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, போதும்பா" என்றாள் மகள், அவர் சட்டையைப் பிடித்து இழுத்து.

"இரும்மா, கரையப் போறார். எனக்குத் தெரியுது."

இவ்வளவு செய்தும் கரையாதவரை விட்டுவிட வேண்டியதுதானே. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். கண்ணாடிக்காரருக்கு எடுத்த காரியத்தை விட்டுப் பழக்கமில்லை. திரையில் பார்த்துப் புரியாதவருக்கு நேரில் நடித்துக் காட்டுவது என்று தீர்மானித்தார். சாப்பாட்டு அறையிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டு ஏறினார்.

"என்னங்க, அந்த முக்காலிக்குக் கால் ஆடும்" என்றாள் மனைவி.

"ஆடட்டும். மாமா முக்காலிக்கும் ஆடும்."

"மாமா, ப்ளீஸ் இறங்கிடுங்க" என்று பையன் எழுந்துவந்து கைகூப்பினான். "அப்பாவால முடியாது."

"முடியும் தம்பி. எல்லாராலயும் முடியும். உள்ள இருக்கிறதை வெளிய கொண்டுவர ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

ஆடிட்டர் கம்பளிக்குள்ளிருந்து முனகினார்.

கண்ணாடிக்காரர் ஒரு கையில் இல்லாத சுத்தியலையும் மறு கையில் இல்லாத ஆணியையும் பிடித்துக்கொண்டார். "இப்ப மாமா படத்தை மாட்டுறார். கீழ இருக்கிறவங்க கிட்ட, பயப்படாதீங்க, எனக்கு இது பழக்கம்கிறார்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் முக்காலி ஒரு பக்கமாகப் போனது. அவர் திரைச்சீலையைப் பிடித்தார். திரைச்சீலை கம்பியைப் பிடித்து இழுத்தது. கம்பி சுவரிலிருந்து காரையோடு கழன்று வந்தது. கண்ணாடிக்காரர் தரையில் இறங்கி நின்றபோது தலை முதல் முழங்கால் வரை பூப்போட்ட திரைச்சீலையாக இருந்தார்.

காரை மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இங்கதான் சார் கவனிக்கணும்" என்றது திரைச்சீலை.

சோபாவிலிருந்து தடாலென்று யாரோ எழும் சத்தம் கேட்டது. மனைவியும் மகளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து அவர் தலையை வெளியே எடுத்தபோது, ஆடிட்டர் கூடத்து மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கம்பளி காலடியில் கிடந்தது. அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. திரும்பியபோது கண்கள் சிவந்து நீர் முட்டி நின்றது.

முகம் பார்த்துப் பழகிய கண்ணாடிக்காரருக்கு இது ஒன்றும் புதிர் இல்லை. கோபம். கண்ணில் நீர் வருமளவுக்குக் கோபம். மகளைக் கேட்டு வந்த இடத்தில் தன்னைக் கேலிப்பொருளாக்கிவிட்டதாக அந்த மனிதர் நினைத்துவிட்டார்.

கண்ணாடிக்காரர் திரும்பினார். மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எப்படியாவது இதைச் சரிசெய்தாக வேண்டும்.

அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த காரையைக்கூடத் தட்டாமல் ஆடிட்டரின் எதிரே போய்க் கைகளைக் கூப்பினார். குரலைத் தாழ்த்தினார்.

"சார், மன்னிக்கணும். நான் சாதாரணமா இப்படி இல்லைங்க."

பணிவாக இரண்டடி பின்வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் ரிமோட் இருந்தது. தொலைக்காட்சி உயிர்பெற்று ஒரு காட்சி தாண்டி ஓடியது. கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி மராமத்து மாமா கைகூப்பிச் சொன்னார்:

"மன்னிக்கணும். நான் சாதாரணமா இப்படி இல்லைங்க."

ஆடிட்டரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எண்ணெய் போடாத கதவு திறப்பது போன்ற சத்தம். அவர் மனைவியின் கையைப் பற்றி, "போலாம்" என்றார். அதுதான் அவர் அந்த வீட்டில் பேசிய ஒரே சொல். சொல்லிக்கொள்ளாமல், யார் முகத்தையும் பார்க்காமல், முன்பக்கம் வளைந்தபடி படியிறங்கிப் போனார். பையன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினான். கார் கதவு சாத்தும் சத்தமும், வண்டி கிளம்பும் சத்தமும் கேட்டன.

மகள் திரைச்சீலையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

"நான் போன் பண்ணிப் பேசிச் சரிபண்ணிடறேன்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

"வேண்டாம்பா. தயவுசெஞ்சு இனிமே எதையும் சரிபண்ணாதீங்க."

அவள் கத்தியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். மெதுவாகச் சொன்னாள். அதுதான் அவரைக் கொன்றது. மகள் இப்படி மெதுவாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. சிரிக்கத் தெரியாத வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று கிளம்பிய மனிதர், சொந்த வீட்டிலேயே அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பு என்னோடதுதான்மா" என்றார். "அவர் சிரிச்சா என்ன, சிரிக்காட்டி என்ன? உனக்குப் பிடிச்ச பையன். நானே அவங்க வீட்டுக்குப் போய் அவர் கால்ல விழுறேன். நடிக்காம விழுறேன்."

மனைவி துடைப்பத்தை எடுத்துக் காரையைக் கூட்டினாள். அவள் வழக்கமாகத் திட்டிக்கொண்டே கூட்டுகிறவள். இன்றைக்குத் திட்டவில்லை என்பது அவரை இன்னும் கலவரப்படுத்தியது.

இரண்டு மணி நேரம் தயங்கிவிட்டு அவர் சட்டையை மாற்றிக்கொண்டு, வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது மகளின் கைப்பேசி அடித்தது. பையனின் அம்மா. மகள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்தாள். மூவரும் அதைச் சுற்றி நின்றார்கள்.

"அண்ணே இருக்காரா?" என்றது குரல். பின்னால் யாரோ யாரையோ படுக்கச் சொல்லி அதட்டுவது கேட்டது. "நாங்க ஆஸ்பத்திரியில இருக்கோம்."

கண்ணாடிக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, என்னாலதானா? கோபத்துல ஏதாவது ஆயிடுச்சா? நான் இப்பவே கிளம்பி வர்றேம்மா."

"வந்துடாதீங்க அண்ணே" என்று அந்த அம்மாள் அலறினாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "போன வாரம்தான் இவருக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சு, சிரிக்கவே கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. முதல் தடவை வர்ற வீட்டுல அதைச் சொல்ல வேண்டாம்னு இவர் பிடிவாதம். உங்க எதிர்ல எப்படியோ தாக்குப்பிடிச்சுட்டார், கார் கதவைச் சாத்தினதும் ஆரம்பிச்சார் பாருங்க, தையல் பிரிஞ்சும் நிறுத்தலை."

"இப்ப... இப்ப எப்படி இருக்கார்?"

"திரும்பத் தைச்சாச்சு. கல்யாணத்தை அடுத்த மாசமே வச்சுக்கணும்னு படுத்த படுக்கையில ஒத்தக் கால்ல நிக்கிறார். டாக்டர்தான், தையல் ஆறுற வரைக்கும் சம்பந்தியை இவர் கண்ணுலயே காட்டக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்துட்டார்."