பின்னால் போகாத தீயணைப்பு வண்டி

அன்புள்ள மாமாவுக்கு,

நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் எழுதித் தொந்தரவு செய்கிறேன், மன்னிக்கவும். அத்தையின் முழங்கால் வலி இப்போது தேவலையா? அம்மாவும் அப்பாவும் நலம். தோள்பட்டையைத் தவிர நானும் நலம்.

தோள்பட்டைக்குக் காரணம், எங்கள் நிலையத்துக்கு நீங்கள் பேசி முடித்துக் கொடுத்த பழைய தீயணைப்பு வண்டி. குறை சொல்வதற்காக எழுதவில்லை. வண்டி தண்ணீரை நன்றாகப் பீய்ச்சுகிறது, சைரன் நாலு தெருவுக்குக் கேட்கிறது, பின்னால் மட்டும் போகாது. எங்கள் நிலையத்தில் வண்டியை ரிவர்ஸில்தான் ஷெட்டுக்குள் விடுவார்கள். அழைப்பு வந்தால் அப்படியே கிளம்ப, மூக்கு ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும். தற்காலிகமாக எழுத்தர் வேலை பார்க்கும் எனக்கு, உங்களிடம் வண்டியைப் பார்க்க வந்த அன்று இதெல்லாம் உறைக்கவில்லை. டிரைவர் பல்வலி என்று லீவு போட்டுவிட, "படிச்ச பொண்ணு, நீயே போய்ப் பாத்துட்டு வாம்மா" என்று நிலைய அதிகாரி என்னை அனுப்பினார். நான் படித்தது வரலாறு. நீங்கள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மைதானத்தை வட்டமடித்துக் காட்டினீர்கள். "பின்னாடி போகுமா மாமா?" என்று கேட்டேன். "தீ முன்னாடி இருக்கும்மா, பின்னாடி எதுக்குப் போகணும்?" என்றீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. திரும்பி வந்து, "நல்லா ஓடுது சார்" என்று சொல்லிவிட்டேன்.

வண்டி வந்த அன்று டிரைவர் ரிவர்ஸ் கியர் போட்டார். வண்டி கொஞ்சம் முனகிவிட்டு முன்னால் போய் அதிகாரியின் பூந்தொட்டிகளை நசுக்கியது. "சார், இதுக்குப் பின்னாடி போற எண்ணமே இல்ல சார்" என்றார் டிரைவர். அன்றிலிருந்து தள்ளுகிறோம். தண்ணீரோடு தள்ள முடியாது, அதனால் தொட்டியைக் காலி செய்துவிட்டுத் தள்ளுகிறோம், உள்ளே போனதும் மறுபடி நிரப்புகிறோம். ஆள் போதாததால் நானும் தள்ளுகிறேன், தீ பிடித்த இடங்களுக்கும் அதற்காகவே கூடப் போகிறேன். போன வாரம் ஒரு முட்டுச்சந்து வீட்டில் சமையலறை பற்றிக்கொண்டது, போய் அணைத்துவிட்டோம், நன்றாகத்தான் அணைத்தோம், ஆனால் வெளியே வர வழியில்லை. கரி அப்பிய முகத்தோடு வீட்டுக்காரர், "நெருப்பு பிடிச்சதும் எங்க வீட்ல, தள்றதும் நாங்களா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே தள்ளினார். அவர் மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த டிரைவரிடம், "நீங்க மட்டும் சொகுசா உக்காருங்க அண்ணே" என்றார்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம் மாமா. வண்டி விற்றது என் மாமா என்று தெரிந்த நாளிலிருந்து, நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. "மாமாவும் மருமகளும் பேசி வெச்சு நம்ம தலையில கட்டிட்டாங்க" என்று குழாய் பிடிப்பவர் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று முடிவு செய்யப் பெரிய அதிகாரி வெள்ளிக்கிழமை வருகிறார். வண்டி விவரத்தையும் விசாரிப்பாராம். நான் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன். உங்களிடம் எதையும் எதிர்பார்த்து இதை எழுதவில்லை, நீங்கள் வேலையைப் போட்டுவிட்டு அலைய வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பு. வெயிலில் அதிகம் சுற்றாதீர்கள்.

உங்கள் மருமகள்

பின்குறிப்பு: எதுவும் வேண்டாம் என்று மேலே எழுதியது மரியாதைக்காக. வெள்ளிக்கிழமை காலையில் வாருங்கள் மாமா. வண்டியைச் சரிசெய்ய வேண்டாம், தள்ளவும் வேண்டாம். பெரிய அதிகாரி முன்னால் நின்று, "ரிவர்ஸ் போகாதுன்னு எனக்குத் தெரியும், நான்தான் மறைச்சேன், இந்தப் பொண்ணுக்குத் தெரியாது" என்று ஒரு தடவை சொல்லுங்கள். சொன்னால் இந்தப் பக்கத்தில் இனி யாரும் உங்களிடம் வண்டி வாங்க மாட்டார்கள். அது தெரிந்துதான் கேட்கிறேன்.