பொலித்தீன் கழற்றாத வீடு

கடலில் சுறா, திருக்கை, சூடை என்று இனம் இனமாக இருக்கிற மாதிரி கரையிலும் மனிதர்கள் இனம் இனமாகத்தான் இருக்கிறார்கள். அதில் ஓர் இனத்தை இன்றைக்கு உங்களுக்குக் காட்டப் போகிறேன். இனத்தின் பெயர் பொலித்தீன் கழற்றாதவர். தேடிப் பிடிக்கக் கஷ்டமே இல்லை. கிண்ணியாத் துறையில் படகுக்கு நிற்கிற சனத்துக்குள், ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பெற்ற பிள்ளையைப் போலக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "தள்ளாதீங்க, தள்ளாதீங்க, ஒரிஜினல் யப்பான்!" என்று யார் கத்துகிறாரோ, அவர்தான்.

பாவம், அவரைக் குறை சொல்லியும் என்ன? நாலு வருஷத்துக்கு முதல் ஒரு றாத்தல் பாணுக்குக் கியூ, துணிக்குக் கியூ என்று நின்ற சனம்தானே நாங்கள். பிறகு எழுபத்தேழில் அரசாங்கம் மாறியது, வெளிநாட்டுச் சாமானுக்குக் கதவு திறந்தது. அன்றைக்குத் திறந்த வாயை இந்த இனம் இன்னும் மூடவில்லை.

குறிஞ்சாக்கேணி ஸெய்னுதீனைப் பாருங்கள். நெல் யாவாரி, நல்ல மனிதர், ஐந்து வேளையும் பள்ளிக்குப் போகிறவர். அவருடைய ஒழுங்கைக்குள் கரண்ட் இன்னும் வரவில்லை. ஆனால் வீட்டில் பிறிஜ் நிற்கிறது, போட்ட பொலித்தீனோடு. ஆறு சுடுதண்ணிப் போத்தல், மூன்று சுவர் மணிக்கூடு, எழுபத்திரண்டு துண்டு கொண்ட பீங்கான் செற், ஒரு புல்லும் முளைக்காத மணல் வளவுக்குப் புல்லு வெட்டுகிற மெஷின், யார் ஏறி இருந்தாலும் 'சர்க்' என்று சத்தம் போட்டு வழுக்கி விடுகிற, பொலித்தீன் போர்த்த மெத்தைச் செற்றி, இவ்வளவும் போதாதென்று இதெல்லாம் வந்த அட்டைப் பெட்டிகளும் முகட்டுவரை அடுக்கி இருக்கின்றன. பெட்டியை எறியலாமா? எறிந்தால் பிறகு எதில் வைக்கிறது? ஒரு நாளைக்குத் தேவைப்படும் என்பார்.

ஒரு நாள் தலைமயிர் காய வைக்கிற மெஷினோடு வந்தார். அவர் மனைவி அசனா அவருடைய வழுக்கையை ஒரு தரம் பார்த்தாள், மெஷினை ஒரு தரம் பார்த்தாள்.

"இது ஆருக்கு?"

"எனக்குத்தான்."

"மொட்டைக்கு என்னத்துக்குங்க?"

"முளைச்சா?"

அந்த மனுசி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டாள். சாமான் இல்லாத ஒரே இடம் குசினிதான். மகள் றம்ஸியா பாய் போட்டுப் படுப்பதும் அங்கேதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். றம்ஸியாவுக்கு வயது இருபத்தாறு. வந்த இரண்டு சம்பந்தமும் ஏதேதோ காரணத்தால் தட்டிப் போய், மூன்றாவதாக அக்கரை ரவுணிலிருந்து ஒன்று வந்தது. மாப்பிள்ளை அப்துல் மஜீத், தபால் கந்தோரில் வேலை. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு பெண்ணுக்கு. தாய் தகப்பன் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். ஆகவே மாப்பிள்ளையின் தாய் முதலில் பார்க்க வருவது பெண்ணை அல்ல, வீட்டை.

ஸெய்னுதீன் என்ன செய்தார் தெரியுமா? வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் துறைமுகத்துக்கு ஓடிப் போய், கப்பல்காரர்களிடம் இன்னும் இரண்டு மேசை விளக்கும் ஒரு சுருட்டின கம்பளமும் வாங்கி வந்தார். இதையும் கண்டால் மயங்கி விழுவார்கள் என்று நினைப்பு!

மாப்பிள்ளையின் தாய் நஜ்முன் நிஸா கனத்த உடம்புக்காரி, முழங்கால் வருத்தக்காரி. படகில் நின்று, வெயிலில் நடந்து, தம்பி ஜமால்தீனோடு வந்து சேர்ந்தவள் இருக்க இடம் தேடினாள்.

"சம்மந்தி, அதில இரிக்காதீங்க, பொலித்தீன் கிழிஞ்சிரும்."

கதிரைப் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ, அதுக்கு மேல மணிக்கூடு!"

முக்கால் மணித்தியாலம் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தாள். ஒவ்வொன்றும் எந்தக் கப்பலில் வந்தது என்று ஸெய்னுதீன் விளக்கம் சொல்லி முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாம் வடிவு. என்ட மகன் எங்க படுக்கிற?"

கட்டில் இருந்தது, சுவரில் சாத்தி வைத்திருந்தது. அதற்கு முன்னால் பன்னிரண்டு பெட்டி. ஸெய்னுதீன் அங்கே இங்கே பார்த்துவிட்டு, பிறிஜுக்கும் புல்லு வெட்டுகிற மெஷினுக்கும் நடுவில் இருந்த ஒடுக்கத்தைக் காட்டினார்.

"மாப்புள ஒல்லியான ஆள்தானே?"

அளவு பார்க்க ஜமால்தீனைப் படுக்கச் சொன்னார். அந்த அப்பாவியும் படுத்தார். சரிந்து படுத்தால்தான் இடம் கண்டது.

"புரண்டு படுக்கிற எண்டா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"அதுக்கென்ன, எழும்பி வெளிய போய், திரும்பிட்டு வந்து படுக்கலாம்."

ஜமால்தீனை மூன்று பேர் இழுத்துத்தான் எடுத்தார்கள். நஜ்முன் நிஸா முக்காட்டைச் சரிசெய்தாள். "வா தம்பி, படகு போயிரும்."

குசினி வாசலில் றம்ஸியாவின் முகம் தெரிந்தது. இதுவும் போய்விட்டது என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. றம்ஸியா உள்ளே போனாள். மீன் வெட்டுகிற கத்தியோடு திரும்பி வந்து, செற்றியின் பொலித்தீனை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழுவையாகக் கிழித்து எறிந்தாள்.

"மாமி, இரிங்க."

ஸெய்னுதீனுக்குத் தன் முதுகுத் தோலை உரித்த மாதிரி இருந்தது. நஜ்முன் நிஸா இருந்தாள். காலை நீட்டினாள். அல்ஹம்துலில்லாஹ் என்று ஒரு பெருமூச்சு விட்டாள்.

"புள்ளைக்கு வாப்பாட புத்தி வரல்ல. எனக்குப் புடிச்சிரிக்கி. சாமான எடுத்து வீட்ட ஒதுக்குங்க, அடுத்த மாசம் மகனக் கூட்டிட்டு வாறன்."

வீடு ஒதுக்கப்பட்டது, கலியாணமும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் சாமான்? விற்பாரா? கொடுப்பாரா? நல்ல கதை! பின்வளவில் தனக்கும் அசனாவுக்கும் போட்ட தென்னங்கிடுகுக் கொட்டிலுக்குள் அவ்வளவையும் அடைத்தார். கடைசி மேசை விளக்கும் உள்ளே போன பிறகு பார்த்தால் அவர் போக இடமில்லை. அசனா பாயைத் தூக்கிக்கொண்டு மகளிடமே போய்விட்டாள். "சாமானோட குடும்பம் நடத்துங்க," என்றாள்.

மழை தொடங்கியபோது அந்த வழியால் போனவர்கள் முருங்கைக்குக் கீழே பிறிஜ் வந்த அட்டைப் பெட்டி சரிந்து கிடப்பதையும், அதிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருப்பதையும் கண்டார்கள். பெட்டியின் மேலே, 'உடையும் சாமான், கவனம்' என்பதற்கு ஒரு கிளாஸ் படம்.

"ஸெய்னுதீன் காக்கா, சுகமா?"

"ஓம் ஓம்," என்று பெட்டி பேசியது. "ஒரிஜினல் யப்பான் அட்டை. தண்ணி உள்ள வராது. அண்டைக்கே சொன்னேனே, ஒரு நாளைக்குத் தேவைப்படும் எண்டு!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் இதை எதில் இருந்துகொண்டு வாசிக்கிறீர்கள் என்று சொல்லவில்லையே. கொஞ்சம் அசைந்து பாருங்கள்.

'சர்க்' என்று கேட்டதா?