கடைக்கு சீல்

“அத்தா, திங்கக்கெழம கடை…க்கு சீலு வைக்க வாராங்களாம்.”

மூன்றாம் வகுப்புச் சாமியாவின் வாயில் கமர்கட் இருந்தது. பாதிச் சொல் அதிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்பா சாதிக் பாட்சாவோ மிட்டாய்க் கடைக் கல்லாவில் பாதித் தூக்கத்தில் இருந்தார். மிட்டாய் பாட்டில்களுக்குள் வெயில் புகுந்து, சிவப்பும் பச்சையுமாக அவர் சட்டையில் விழும் நேரம் அது. கட்டுமாவடிக் கடற்காற்றில் சாக்குப் படுதா அசைய அசைய நிறங்களும் அசையும். அந்த நேரத்தில்தான் அவர் தினமும், “நாளைக்குக் கண்டிப்பா லைசென்ஸ் எடுத்துடணும்” என்று நினைத்துக்கொள்வார். பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

“யாரு சொன்னா?”

“டீச்சர். டாக்டரெல்லாம் வேன்ல வாராங்களாம். இதுல நீங்க கையெழுத்து போடணுமாம்.” பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. மிட்டாயால் பிள்ளைகள் பல் கெட்டுப்போகிறது என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

“பூட்டுறதுக்கு நானே கையெழுத்து போடணுமா? நல்லாருக்கே!”

‘சம்மதம் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கடை போனால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

பக்கத்தில் மீன் விற்கும் ராக்கன் தைரியம் சொன்னார். “பாட்டிலெல்லாம் என் ஐஸ் பெட்டிக்குள்ள வச்சிருங்க பாய். எவன் வந்து மோந்து பாக்கப் போறான்?”

மறுநாள் தேன்மிட்டாயில் காரல் மீன் வாசம் அடித்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். இரண்டு பூனைகள் மட்டும் கடை வாசலில் வந்து உட்கார்ந்து, பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

“அப்ப மனு குடுப்போம். ஊரே கையெழுத்து போட்டா எந்த ஆபீஸர் சீல் வைப்பான்?” என்றார் ராக்கன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நாற்பத்திரண்டு கையெழுத்து சேர்ந்தது. மனுவை ராக்கனே எழுதினார். ‘லைசென்ஸ் இல்லாவிட்டாலும் மிக நல்ல கடை’ என்று ஒரு வரி சேர்த்து, வண்டியை மிதித்துக்கொண்டுபோய் உணவுப் பாதுகாப்பு ஆபீஸிலும் கொடுத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க சாதிக் பாட்சா கல்லாவில் அரைத்தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தார். கண்ணை மூடினால், வெள்ளைக் கோட்டுக்காரர்கள் வரிசையாக வந்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் அரக்கு ஊற்றினார்கள். கடைசியில் அவர் வாய்க்கும் ஊற்றினார்கள்.

திங்கட்கிழமை எதிரே பள்ளிக்கூட கேட்டிலிருந்து நிஜமாகவே ஒரு வெள்ளைக் கோட்டு வந்தது. டாக்டர் சத்யா. கையில் அதே தாள். சாதிக் பாட்சா இரண்டு கையையும் விரித்துக் கடையை மறித்தார்.

“வேணாம்மா! பதினோரு வருசப் பொழப்பும்மா!”

“உங்க பொண்ணுக்கு மட்டும் ஏன் வேணாம்னு எழுதினீங்க?”

“எம் பொண்ணுக்கா?”

“கடைவாய்ப் பல்லுல சின்னச் சின்னப் பள்ளம் இருக்கும் பாய். அதுல இனிப்பு தங்குனா சொத்தையாகும். அந்தப் பள்ளத்தை ஒரு பூச்சு பூசி சீல் வச்சிருவோம். ஊசி இல்ல, வலி இல்ல.”

“கடை… வாயா?”

“கடைவாய்.”

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து, பழையதை அடித்து, புதிதாகக் கையெழுத்துப் போட்டு, டாக்டருக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்.

சாமியா வாயைத் திறந்தாள். டாக்டர் பல்லைத் துடைத்துக் காயவைத்து, ஒரு சொட்டு வைத்து, விளக்கைக் காட்டினார். மகளின் சின்ன வாய்க்குள் நீல வெளிச்சம் நிறைந்தது. சாதிக் பாட்சா அதைப் பார்த்தபடியே நின்றார். அந்தச் சந்தோஷத்தில், நாளைக்குக் கண்டிப்பாக லைசென்ஸ் எடுத்துவிடுவது என்று நினைத்துக்கொண்டார்.

மிதந்தபடியே திரும்பி வந்தால், கடை வாசலில் ஒரு ஜீப். ஃபைலும் கையுமாக ஒருவர் பூனைகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

“சீல் வைக்க வந்தீங்களா சார்? அது அங்கிட்டு, ஸ்கூல்ல!” என்று சாதிக் பாட்சா வாய்விட்டுச் சிரித்தார்.

வந்தவர் ஃபைலிலிருந்து நாற்பத்திரண்டு கையெழுத்துப் போட்ட தாளை எடுத்தார்.

“இல்லீங்க பாய், இங்கதான். இப்படி ஒரு கடை இருக்கறதே இந்த மனுவைப் பாத்துதான் எங்களுக்குத் தெரிஞ்சுது.”