கையோடு கையாக ஒரு படகு

உங்கள் வீட்டில் ஏதாவது ஆடிக்கொண்டிருந்தால், ஆடிவிட்டுப் போகட்டும். தயவுசெய்து அதைக் 'கையோடு கையாக'க்காரர் காதில் போட்டுவிடாதீர்கள்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், வாசலிலேயே நின்று கதவை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பார். குழாய் சொட்டுகிறது என்று கூப்பிட்டால் ஓடி வருவார், சொட்டை நிறுத்துவார், அத்தோடு போய்விடுவாரா என்றால் அதுதான் இல்லை. "கையோட கையா இதையும் பாத்துடலாமே" என்று தொடங்கி, பொழுது சாய்வதற்குள் உங்கள் குளியலறை முழுவதையும் கூடத்தில் பரப்பி வைத்திருப்பார். கெட்டவரா? சேச்சே. சோம்பேறியா? ஐயோ, அந்தக் குணம் கொஞ்சம் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்!

நான் சொல்லப்போகிறவருக்கு ஆபீசில் 'கையோடு சார்' என்றே பெயர். அவருக்கு ஒரு மனைவி, கல்லூரியில் படிக்கும் ஒரு மகள், மனைவியின் தம்பியோடு சேர்ந்து வாங்கிய ஒரு சின்னப் பாய்மரப் படகு. படகு வாங்கியது இரண்டு ஆண்கள். அதை ஓட்டத் தெரிந்தது மகளுக்கு மட்டும். ஊர் ஏரியில் ஆண்டுதோறும் நடக்கும் பந்தயத்துக்காக அவள் விடுமுறை பாராமல் பழகுவாள். போன வருடப் பந்தயத்தன்று படகு மூன்று அறைகளில் இருந்தது. பாய்மரம் வராந்தாவில், சுக்கான் கட்டிலுக்கடியில், மற்றதெல்லாம் சமையலறையில். மகள் கரையில் நின்று மற்றவர்களுக்குக் கைதட்டினாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. இந்த வருடம் எதையும் தொடுவதில்லை என்று மனதுக்குள் சத்தியம்கூடச் செய்துகொண்டார்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் காலையில் சாப்பிட உட்கார்ந்தபோது, மைத்துனர் வாய் தவறி உளறிவிட்டார்.

"படகு மேல்தளத்துல கயிறு மாட்டுற கொக்கி இருக்குல்ல, அது லேசா ஆடுது."

மகள் மேசைக்கடியில் மாமாவின் காலை மிதித்தாள். பயனில்லை. அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டார். கண்ணில் ஒரு ஒளி வந்துவிட்டது.

"அப்பா, நானே முடுக்கிக்கிறேன். ஒரே ஒரு ஸ்க்ரூ."

"நீ போய்ப் படிம்மா. நான் ஒரு திருப்புத் திருப்பிட்டு வந்துடறேன்."

"அது மட்டும்தானே?"

"அது மட்டும்தான்."

உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் அதை மட்டும்தான் தொட்டார். ஆனால் திருப்பிய திருகு திரும்பிக்கொண்டே இருந்தது. துளைக்குள் தண்ணீர் இறங்கி மரம் மெத்தென்று ஆகியிருந்தது. சரி, மெத்தென்ற மரத்தைச் சுரண்டி எடுத்தார். துளையில் பசையை அடைத்துக் காயவிட்டார். மறுபடி துளை போட்டார். ஸ்க்ரூ வேண்டாம், போல்ட் போட்டு அடியில் நட்டு முடுக்கினால் ஆயுசுக்கும் அசையாது என்று முடிவெடுத்தார். இதுவரைக்கும் எந்தப் பட்டறைக்காரரும் குறை சொல்லமுடியாத வேலை. அங்கே நிறுத்தியிருக்கலாம். யார் நிறுத்தினார்கள்? கையோடு கையாக, தளத்துக்கு அடியில் தாங்கலுக்கு ஒரு பலகையும் வைத்துவிட்டார். நல்ல தடிமனான பலகை. பசை போட்டு ஒட்டி, நட்டைக் காலையில் முடுக்கிக்கொள்ளலாம் என்று காயவிட்டார்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் படகை இறக்கினார்கள். பாய் ஏறிவிட்டது. ஒலிபெருக்கியில் படகுச் சங்கத்துச் செயலாளர் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். கையோடு சார் மட்டும் படகின் மேல்தளத்தில் குப்புறப் படுத்திருந்தார். உள்ளே கைவிட்டுப் பார்ப்பதற்கென்று தளத்தில் ஒரு வட்டத் துளை உண்டு. அதற்குள் அவருடைய வலது கை தோள்வரை போயிருந்தது.

"என்னங்க, எழுந்திருங்க. நேரமாச்சு," என்றாள் மனைவி.

"எழுந்திருக்க முடியாது."

"கை மாட்டிக்கிச்சா?"

"மாட்டல. பலகை தடிமனாயிடுச்சு, போல்ட் நுனி கொஞ்சூண்டுதான் வெளிய வருது, நட்டு ஏறல. அதைக் குறடால புடிச்சிருக்கேன். விட்டா கொக்கி பிடுங்கிட்டு வந்துடும்."

"நட்டு எங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இப்போதைக்கு நட்டு நான்தான்."

மகள் ஏரியைப் பார்த்தாள். போன வருடம் பார்த்த அதே பார்வை.

"நீ ஏறும்மா," என்றார். "நான் விடமாட்டேன்."

மைத்துனர்தான் எப்போதும் அவளோடு போகிறவர். தண்ணீர் என்றால் அவருக்கு உள்ளூர உதறல். இடத்தை அத்தானுக்கு அவ்வளவு சந்தோஷமாக விட்டுக்கொடுத்தார். செயலாளர் வந்து படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விதிப் புத்தகத்தையும் புரட்டினார்.

"படகுக்கு ரெண்டு பேர்ங்கிறது விதி. ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் எப்படி இருக்கார்ங்கிறதைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல. போகலாம்."

மிதவைச் சட்டையை அவருக்கு ஒரு கையில் மட்டும் மாட்டி, மிச்சத்தை இடுப்பில் கட்டினார்கள். படகு புறப்பட்டது.

காற்று பலமாக இருந்தது. மற்ற படகுகள் சாய்ந்து தள்ளாடின. கையோடு சாரின் கனத்த உடம்பு தளத்தோடு தளமாக ஒட்டிக்கிடந்ததால் இவர்கள் படகு ரயில் மாதிரி போனது. பந்தயப் பாதையின் முதல் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது மகள் மூன்றாவது இடத்தில் இருந்தாள். "அப்பா, நல்லா போகுதுப்பா!" என்று கத்தினாள். அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் மூக்கு தளத்தில் உரசும்படி படுத்திருக்கிற மனிதருக்கு அதுவரை தெரியாததெல்லாம் தெரியும். கண்ணுக்கு நேரே ஒரு கப்பி. லேசாக ஆடியது.

இடது கை சும்மாதானே இருக்கிறது?

"அப்பா, அந்தக் கையில என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. கையோட கையா..."

கப்பி கழன்று தண்ணீரில் விழுந்தது. அதன் வழியாக ஓடிய கயிறு பாம்பாய்ச் சீறிக்கொண்டு கிளம்பியது. பாய் படபடவென்று அடிக்க, படகு சாய்ந்தது. அவர் எட்டிக் கயிற்றை இடது கையில் பிடித்துக்கொண்டார். இப்போது அவர் வலது பக்கத்தில் நட்டு, இடது பக்கத்தில் கப்பி.

"இழுங்க! இன்னும்! இந்தாங்க, இதையும் புடிங்க!"

அவர் அசைத்ததில் இன்னொரு கயிறும் அவிழ்ந்திருந்தது. பிடிக்கக் கை ஏது? மகள் அதை அப்பாவின் வாயில் கொடுத்தாள். அவர் பல்லால் கவ்விக்கொண்டார்.

வாய் அடைபட்டதும் ஏரியில் பேரமைதி நிலவியது. யோசனை இல்லை, ஆலோசனை இல்லை, 'இதையும் பாத்துடலாம்' இல்லை. மகள் "தளர்த்துங்க" என்றால் தளர்த்தினார், "இறுக்குங்க" என்றால் இறுக்கினார். தண்ணீர் முகத்தில் அறைந்தது, தோள் மரத்துப்போனது, பல் கூசியது. அவர் விடவில்லை. ஒரு படகை முந்தினார்கள். இரண்டாவதாகக் கோட்டைக் கடந்தார்கள்.

கரையில் அவரைப் பிரித்தெடுக்க மனைவியும் மைத்துனரும் சேர்ந்து இழுக்கவேண்டியிருந்தது. அவர் கையை எடுத்ததும், கையோடு கையாகக் கொக்கியும் கழன்று வந்தது.

"நான் இல்லேன்னா இன்னிக்கு எல்லாம் கழண்டிருக்கும்," என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு.

"நீங்க இருந்ததாலதான்ப்பா கழண்டுச்சு," என்றாள் மகள். சொல்லிவிட்டு, மரத்துப்போயிருந்த அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டாள். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பரிசாக ஒரு சிறிய கோப்பை கொடுத்தார்கள். அவர் அதை வாங்கி, கைப்பிடியை ஒரு முறை மெதுவாக ஆட்டிப் பார்த்தார். மகள் பிடுங்கிக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி இப்போது சிரித்த சிரிப்பில் லேசாக ஆடியதே, கவனித்தீர்களா? பின்பக்கத்துக் கால்தான்.

வேண்டாம். குனியாதீர்கள். ஐயா, சொன்னால் கேளுங்கள், அந்த ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு வாருங்கள்!