ஏறினால் வலி, இறங்கினால் சுகம்

இனி ஜென்மத்துக்கும் மலை ஏறுவதில்லை என்று சின்னமுத்து முடிவு கட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. கண்டிக்கு ரயில் வந்த புதிது. அம்பிட்டியவுக்கு மேலே கோப்பித் தோட்டத்தில் பழம் சிவந்து குலுங்கியது. உச்சி வரை ஏறிப் பறிக்கவேண்டும். மூட்டையைத் தலையில் வைத்து அடிவாரக் களத்துக்கு இறக்கவேண்டும். அந்தக் களத்தில் காயும் கோப்பிக்குக் காவல் இருந்தவன் அன்றுதான் ஊருக்குக் கப்பலேறப் புறப்பட்டுப் போனான்.

காவல் என்றால் பெட்டிமேல் உட்கார்ந்து ஆட்டை விரட்டுவது. மழை வந்தால் கத்துவது. வேலிக்கு அந்தப் பக்கமே தவறணை. குந்திய இடத்தில் சம்பளம், எட்டிய தூரத்தில் சாராயம். விடலாமா?

பெரிய கங்காணி கறுப்பையா ஞாயிற்றுக்கிழமை ஆள் போடுவார். மேலுக்கு முடியாத ஆளுக்குத்தான் கொடுப்பார். சின்னமுத்துவுக்கோ முடியாத இடம் என்று உடம்பில் ஒன்றுகூட இல்லை. யோசித்து யோசித்து, வெளியே தெரியாத நோவாக முழங்காலைப் பிடித்தான். வலதா இடதா என்பதில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம். இடது என்று வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் நொண்டிக்கொண்டே, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குள் நுழைந்தான். பெண்சாதி அங்கம்மா அடுப்படியிலிருந்து திரும்பினாள். பத்து வருசமாக மூட்டை சுமக்கிறவள்.

"என்னாங்க கால்ல?"

"முட்டி, புள்ள. உசுரு போவுது."

"அடக் கடவுளே! மலை ஏறையில வலிக்குதா, எறங்கையிலயா?"

ஏற்றத்தில்தானே நாக்குத் தள்ளுகிறது?

"ஏறையிலதான். எறங்குனா ஒண்ணுமே தெரியல."

"குந்துனா?"

"குந்துனா சொகமா இருக்கு." குந்துகிற வேலைக்குத்தானே அடிபோடுகிறான்!

"ரொம்ப நேரம் குந்திட்டு எந்திரிச்சா?"

"துள்ளிக்கிட்டு எந்திரிக்கலாம்."

அங்கம்மா அவன் முட்டிச் சில்லை இரண்டு விரலால் பிடித்து அசைத்தாள். அது எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு போனது. அவள் முகத்தில் அப்படியொரு கவலை.

"இதையே கங்காணிகிட்டயும் சொல்லுங்க. ஒரு வார்த்த மாத்தாதீங்க. நானும் கூட வர்றேன்."

பெண்சாதியே சாட்சிக்கு வருகிறாள்! பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை களத்தில் லயமே கூடி நின்றது. சின்னமுத்து ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தான். கங்காணி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். அவருடையது அறுபது வருசத்து முட்டி.

"எலேய், மேல தொடை எலும்பு, கீழ கால் எலும்பு, முன்னால மூடி மாதிரி சில்லு. எறங்கையில ஒடம்பு பாரமெல்லாம் மடங்குன முட்டியிலதான் நிக்கும். சில்லு போயி எலும்புல அழுந்தும். நெசமா முட்டி போனவனுக்கு எறக்கந்தாண்டா எமன். குந்துனா தூக்கிவிட நாலு பேரு வேணும். ஒனக்கு மட்டும் எல்லாம் தலைகீழா இருக்கே?"

கூட்டம் சிரித்தது. சின்னமுத்து அங்கம்மாவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான். அவள் முன்னே வந்தாள்.

"அவருக்கு ஒண்ணுமில்லீங்க அய்யா. என் முட்டியக் கேளுங்க."

மெதுவாகக் குந்தினாள். கடக்கென்ற சத்தம் களத்தின் அந்தக் கோடி வரை போனது. கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். இன்னொரு கடக். பல்லைக் கடித்துக்கொண்டாள், அதில் நடிப்பு இல்லை.

"மூணு வருசமா நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் எறங்குறேங்க."

ஒரே வீட்டில் இருந்தும் இது தன் காதில் விழவில்லையே என்று சின்னமுத்துவுக்கு நெஞ்சு சுருக்கென்றது. சும்மா சொல்லக்கூடாது, நிஜமாகவே சுருக்கென்றது.

"களத்துக் காவல் ஒனக்குத்தாம்மா," என்றார் கங்காணி.

சுருக்கென்றது எங்கேயோ ஓடிவிட்டது. "அப்ப நானுங்க?"

"ஒனக்கென்னடா? எறங்குனா ஒண்ணுமே தெரியலன்னு நீதான சொன்ன. இனிமே அவ மூட்டையையும் சேத்து நீயே எறக்கு."

திங்கட்கிழமை காலையில் அங்கம்மா இரண்டு சாக்கையும் மடித்து அவன் தோளில் போட்டுவிட்டு, பெட்டிமேல் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"மெதுவா எறங்கி வாங்க. முட்டி பத்திரம்."