ஐந்து கொள்கையும் ஒரு கடைவாய்ப்பல்லும்

உளவியல் பேராசிரியருக்குக் கடைவாய்ப்பல் வலித்தது. வலது பக்கம், கீழே. கன்னம் வீங்கி, வாய்க்குள் எலுமிச்சம்பழத்தை ஒளித்துவைத்தவர் மாதிரி நடமாடினார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால், கடிக்க வேண்டிய பல்லே அதுதான்.

ஆனாலும் பல் டாக்டரிடம் போவதில்லை என்று சபதமே எடுத்திருந்தார். காரணம் பயம். இத்தனை வருஷமாகப் பயத்தைப் பற்றியே வகுப்பெடுப்பவர், எனக்குப் பயம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "பல்லை ஆராய்ச்சியில வெச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வெள்ளிக்கிழமை கல்லூரியில் அவர் பேச வேண்டும். தலைப்பு, 'உளவியலின் முக்கியக் கொள்கைகள்: ஒரு மதிப்பீடு'. பேச்சு எடுபட்டால் துறைத்தலைவர் பதவி கைக்கு வரும். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவருக்கோ பல் போகாததால் சொல் போய்க்கொண்டிருந்தது. 'உளவியல்' என்று ஆரம்பித்தால் 'உவ்வியல்' என்று வந்தது.

அவர் மனைவி வீட்டுத் தரகர். மழைக்கு ஒழுகுகிற வீட்டை 'வீட்டுக்குள்ளேயே அருவி' என்று விற்று, வாங்கியவர் வாயாலேயே நன்றியும் வாங்கியவள்.

"என்னங்க, சொத்தை விக்கிறது என் தொழில். சொத்தையைக் காப்பாத்துறது உங்க தொழிலா? வாங்க, பிடுங்கிட்டு வந்துடலாம்."

"அவசரப்படாதே. இந்தப் பயத்தோட வேர் எங்க இருக்குன்னு முதல்ல பார்க்கணும்."

"பல்லோட வேர் எங்க இருக்குன்னு டாக்டர் பார்த்தா போதுங்க."

"உனக்குப் புரியாது. உளப்பகுப்பாய்வு என்ன சொல்லுது? சின்ன வயசுக் காயம் ஆழ்மனசுல போய் உட்கார்ந்துக்கும். எனக்கு ஆறு வயசுல என் மாமா பல்லுல நூலைக் கட்டி இழுத்தார். அதெல்லாம் ஒரு நாள்ல ஆறுற காயமா?"

மனைவி போனை எடுத்து மாமியாரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரையும் போட்டாள்.

"அத்தை, இவருக்குச் சின்ன வயசுல பல்லுல நூல் கட்டி இழுத்தாங்களாமே?"

"இவனுக்கா? கட்டினவனே இவன்தாம்மா! தூங்கிக்கிட்டிருந்த மாமன் பல்லுல கட்டி, மறு நுனியைக் கதவுல முடிஞ்சு, கதவைப் படார்னு சாத்திட்டான். என் தம்பி இன்னிக்கும் கதவுச் சத்தம் கேட்டா வாயைப் பொத்திக்கிறான்."

பேராசிரியர் கூரையைப் பார்த்தார்.

"உளப்பகுப்பாய்வுல இதான் ஒரு குறை" என்றார். "உண்மைன்னும் நிரூபிக்க முடியாது, பொய்யின்னும் நிரூபிக்க முடியாது."

"அத்தை நிரூபிச்சுட்டாங்களே."

மத்தியானம் கட்சி மாறி உயிரியல் பக்கம் போனார்.

"இது மூளைச் சமாச்சாரம். பயத்துக்குன்னு மூளைக்குள்ள வாதாம்பருப்பு அளவுல ஓர் இடம் இருக்கு. அது சொன்னா கால் தானா ஓடிடும். ஓடுறது நானில்லை, மூளை."

"ஓடட்டுமே. வாயை மட்டும் இங்க வெச்சுட்டு ஓடச் சொல்லுங்க."

உடனே மனிதநேயக் கொள்கையின் காலில் விழுந்தார். "ஒருத்தரை, அவர் எப்படி இருக்காரோ அப்படியே, நிபந்தனையில்லாம ஏத்துக்கணும். அப்பதான் அவர் தானா வளர்வார்."

"கன்னம் வளர்ந்துக்கிட்டுதான் இருக்கு. சரி, அப்படியே ஏத்துக்கிட்டேன்" என்றாள். சொன்னபடியே ஏற்றுக்கொண்டு, எதிரே உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலை தின்றாள். கடக், முடக். அவர் ஆறிப்போன கஞ்சியை இடது பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி விழுங்கினார். நிபந்தனையில்லாத அன்பு இவ்வளவு சத்தம் போடும் என்று எந்தப் பாடத்திலும் அவர் படித்ததில்லை.

சாயங்காலம் அறிதல் கொள்கை.

"பயம் டாக்டர்கிட்ட இல்லைம்மா, நம்ம நினைப்புல இருக்கு. வலியும் பாதி நினைப்புதான். நான் நினைப்பை மாத்திட்டேன். வலிக்கலைன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"இப்ப எப்படி இருக்கு?"

"ஆஆ..." என்றார்.

மிச்சமிருந்தது நடத்தையியல் ஒன்றுதான். அதைப் பத்திரமாக எடுத்தார்.

"இதுல ஒரு கிளை இருக்கு. அடுத்தவங்களைப் பார்த்துக் கத்துக்கறது. நாய்க்குப் பயப்படுற குழந்தை, இன்னொரு குழந்தை நாயைத் தடவிக் கொடுக்குறதைப் பார்த்தா பயம் தெளிஞ்சுடும். அதே மாதிரி யாராவது என் கண்ணு முன்னால அந்த நாற்காலியில உட்கார்ந்து காட்டினா எனக்கும் தெளியும். ஆனா எனக்காக யார் பல்லைக் கொடுப்பாங்க?" என்று பெருமூச்சு விட்டார். தப்பித்தோம் என்கிற பெருமூச்சு.

மனைவி கடலையைக் கீழே வைத்தாள்.

"இது நல்ல கொள்கைங்க."

கல்யாணமான நாளாய் அவள் பாராட்டிய முதல் கொள்கை அது. பேராசிரியர் பூரித்துப்போனார், பூரிக்க இடமிருந்த இடது கன்னத்தில்.

மறுநாள் காலையில் மனைவி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"பல்லுங்க... உயிர் போகுது. எனக்கும் பயமா இருக்கு. வீடு வாங்குறவனைச் சமாளிப்பேன். ஊசியை எப்படிச் சமாளிக்கிறது?"

அவள் பயந்து அவர் பார்த்ததே இல்லை. அவருக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. தன் வலிகூட ஒரு படி இறங்கிய மாதிரி இருந்தது. சபதத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, "கிளம்பு. நான் இருக்கேன்" என்றார்.

பல் ஆஸ்பத்திரியில் மருந்து நெடி. உள்ளேயிருந்து 'கொர்ர்ர்' என்று மெஷின் சத்தம். இருவரும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கு யார் துணை என்று வெளியே இருந்து பார்த்தால் சொல்ல முடியாது.

உள்ளே கூப்பிட்டார்கள். நாற்காலியைப் பார்த்ததும் மனைவி இரண்டடி பின்வாங்கினாள்.

"என்னால முடியாதுங்க. நீங்க ஒரு தடவை உட்கார்ந்து காட்டுங்களேன். பார்த்தா பயம் தெளியும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

சொன்ன வாய் அவருடையதுதான். உட்கார்ந்தார்.

"சாஞ்சு காட்டுங்க." சாய்ந்தார்.

"வாயைத் திறந்து காட்டுங்க." திறந்தார்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தாள். மனைவி அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

"உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தீங்க, பிடுங்கியும் காட்டிடுங்க. அப்பதான் எனக்கு முழுசா தெளியும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

கணவன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? பேராசிரியர் கண்ணால் 'ஆகட்டும்' என்றார். ஊசி இறங்கியது. மனைவியின் கலங்கிய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பயப்படவே மறந்துவிட்டார். பல் தட்டில் 'டங்' என்று விழுந்த பிறகுதான் அது தன் பல் என்று தெரிந்தது.

வாய் நிறையப் பஞ்சோடு, "அழுத்து ஈ உக்காழு" என்றார்.

"எனக்கு எதுக்குங்க? உங்க தைரியத்தைப் பார்த்ததுமே வலி ஓடியே போயிடுச்சு!"

வெள்ளிக்கிழமைக்குள் வீக்கம் வடிந்து, 'உளவியல்' பழையபடி உளவியலாகிவிட்டது. பேராசிரியர் மேடையில் வெளுத்து வாங்கினார். ஒவ்வொரு கொள்கையின் நிறையையும் குறையையும் பிட்டுப் பிட்டு வைத்தார். கடைசியில், "பார்த்துக் கற்றல் எப்படிப்பட்டது தெரியுமா? என் மனைவிக்குப் பல் வலி. நான் பிடுங்கிக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் பயம் மட்டுமல்ல, வலியே போய்விட்டது!" என்றார்.

அரங்கம் அதிர்ந்தது. கைதட்டலோடு அத்தனை பேர் விழுந்து விழுந்து சிரித்தது ஏன் என்றுதான் அவருக்கு விளங்கவில்லை. முன்வரிசையில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார். பதவியும் அவருக்கே என்று கல்லூரி முதல்வர் காதோடு சொல்லியனுப்பினார்.

வெற்றி வீரராக வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகையில் போன் அடித்தது. மனைவி எடுத்தாள்.

"சொல்லுங்க டாக்டர்... ஓ, மேல் வரிசையிலயும் ஒண்ணு சொத்தையா? இடது பக்கமா? சரி, புதன்கிழமை போட்டுக்குங்க. அன்னிக்குக் காலையில எனக்குப் பல் வலிக்கும்."