மூன்றாம் ஓலையில் எழுந்த ஆட்சேபணை

புதுச்சேரி,
ஞாயிறு மாலை.

மரியாதைக்குரிய மச்சான் அருளானந்தம் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ரோசாவின் கணவன் சகாயநாதன் எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் நலம். அங்கே பாரிசில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் குளிரும் அவரவர் அளவில் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன் செய்திருக்கலாம். போனில் தாங்கள்தான் பேசுவீர்கள் என்பதால் கடிதம்.

எங்கள் மகள் மெரினை அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொன்னது தாங்கள். அங்கே படக்கதைப் புத்தகங்களைக் காட்டியே பிள்ளைகளுக்கு உணர்வுகளை அறியக் கற்றுத்தருகிறார்கள், உலகக் குடிமக்களாகவும் ஆக்குகிறார்கள் என்றீர்கள். குடியுரிமைக்காகத் தாத்தா காலத்துக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்த குடும்பம் நம்முடையது. ஒன்றாம் வகுப்பிலேயே கொடுக்கிறார்கள் என்றால் வேண்டாம் என்று சொல்வோமா? சேர்த்தோம். முதல் புத்தகத்தில் ஒரு கரடி. அதன் கம்பளிக் குல்லாய் தொலைந்துபோய்ப் பனியில் நின்று அழுகிறது. புதுச்சேரி வெயிலில் வேர்த்துக்கொண்டே வகுப்பு முழுக்க அதற்காக அழுதிருக்கிறது. அடுத்த புத்தகத்தில் ஏதோ தூரதேசத்துச் சிறுமி குடத்தோடு நெடுந்தூரம் நடக்கிறாள். அவளுக்காகவும் அழுதார்கள். மறுநாள் மெரின், பள்ளியைப் பெருக்கும் அஞ்சலாட்சி முகம் வாடியிருக்கிறது, உட்கார அவருக்கு ஒரு இடமில்லை என்று சொல்லித் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வராந்தாவில் போட்டுவிட்டாள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். “மெரின் ரொம்ப நல்ல பொண்ணு சார். ஆனா புக்ல இருக்கறவங்களுக்கு ஃபீல் பண்ணா போதும்னு நீங்கதான் வீட்ல சொல்லணும்” என்றார் வகுப்பாசிரியை நிர்மலா மிஸ். உலகம் என்பது பள்ளிக்கூடத்தின் மதிலுக்கு வெளியே, அதுவும் கொஞ்சம் தள்ளித்தான் தொடங்குகிறது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

அதோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டு முக அட்டைகள் கொடுத்தனுப்பினார்கள். மஞ்சள் முகம் சந்தோஷம், சிவப்பு கோபம், சாம்பல் பயம், நீலம் சோகம். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பொருத்தமான அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். வீட்டில் நான் வாய் திறக்குமுன் சிவப்பு எழும்பத் தொடங்கியது. இந்த நேரத்தில்தான் என் தங்கை வெரோனிகாவுக்குத் தாங்கள் பார்த்துக்கொடுத்த ஆரோனின் சம்பந்தம் கூடிவந்தது. பிரெஞ்சு பாஸ்போர்ட், பாரிசுக்குப் பக்கத்திலேயே வேலை. வெரோனிகா போனால் பின்னாலேயே நாங்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ரோசா இப்போதே ஸ்வெட்டர் பின்னுகிறாள். பெண் பார்க்க வந்த ஆரோனின் அம்மா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தார். மெரின் அவரைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்துவிட்டுச் சாம்பல் அட்டையைத் தூக்கினாள். “ஆன்ட்டி, ஏன் பயப்படறீங்க? அத்தை காலேஜ்ல ஃப்ரெஞ்ச் நடத்துது, நீங்க தப்பா பேசினா கண்டுபுடிச்சிடும்னா?” என்றாள். ஸ்கூல் புராஜெக்ட் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்று கோவிலில் மூன்றாவது கல்யாண ஓலை வாசிப்பு. பூசை முடிவில் சாமியார் மணமக்கள் பெயரை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்வது தங்களுக்குத் தெரியும். எனக்கு நினைவு தெரிந்து யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை. அந்த நேரம் எல்லோரும் காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இன்று மெரின் பெஞ்சின் மேல் ஏறி நின்று நீல அட்டையைத் தூக்கினாள்.

“சாமி, எனக்குத் தெரியும்.”

“என்னம்மா தெரியும்?”

“வெரோனிகா அத்தை சோகமா இருக்குது. டெய்லி பாத்ரூம்ல கொழாய தொறந்து வுட்டுட்டு அழுவுது.”

சாமியார் யோசித்துவிட்டு, “சோகம் தடையில சேராதும்மா. சேத்தா இந்தப் பங்குக் கோவில்ல ஒரு கல்யாணமும் நடக்காது. உக்காரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆரோனின் அம்மா சிரிக்கவில்லை. வாசலில் என்னை நிறுத்தி, “புள்ளைக்கு இன்னா சொல்லிக் குடுத்து வச்சிருக்கீங்க? பொண்ணுக்கு வேற எதுனா இருக்கா?” என்று கேட்டார். பத்து நாளைக்குள் பதில் வேண்டுமாம்.

ஆகவே மச்சான், தாங்கள் கடிதம் கண்டவுடனே அவர்களுக்குப் போன் செய்து, குழந்தைக்கு நிறம் சரியாகத் தெரியாது, கண் டாக்டரிடம் காட்டப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். வெரோனிகாவுக்கு ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை உயரம், வீட்டில் ஹீட்டர், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் அழுவது உள்ளதுதான். தங்கள் தங்கையும் அழுதாள். அப்போது யாரும் எழுந்து நிற்கவில்லை, கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அவளைக் கேட்டால் அவளே சொல்வாள், நான் கேட்டதில்லை.

அக்காவுக்கு என் தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம். பனியில் தங்கள் கால் வழுக்காமல் மாதா காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
சகாயநாதன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் வெரோனிகா வாங்கிப் படித்தாள். “இவ்ளோ எழுதியிருக்கியே அண்ணா, எனக்கு இஷ்டமான்னு கேட்டதா எங்கனா ஒரு வரி இருக்கா?” என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தேன். பிறகு கேட்டேன். “இல்ல” என்றாள். ஆகவே ஆரோன் வீட்டுக்குத் தாங்கள் போன் செய்ய வேண்டியது உண்மைதான், ஆனால் மேலே எழுதியபடி அல்ல. ரோசா பின்னிய ஸ்வெட்டரைப் பிரிக்கத் தொடங்கிவிட்டாள். சாமியாரிடம் தானே சொல்வதாக வெரோனிகா ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள், என்னைப் பின்னால் ஏறச் சொல்கிறாள். ஏறப்போகிறேன்.